நாக்கைத் தூக்குங்க

மனநலப் பிரிவில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அதற்கு என் வேலைதான் காரணம். பால் பொங்கி வழிந்தாலும் என் வேலை, அம்மாவுக்கு முதுகு பிடித்தாலும் என் வேலை. அப்பாவின் பிரஷரைக் கேட்கவே வேண்டாம்.

அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் போகும் வழியில்தான் எங்கள் ஆஸ்பத்திரி; ஊரில் அதற்குப் பெயரே எங்கள் மனநலப் பிரிவால்தான். அந்த நிறுத்தம் வந்ததும், "புத்தி தெளியணும்கிறவங்க எல்லாம் இறங்கிக்கோங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். வண்டியே சிரிக்கும். அப்பாவும் வருஷக்கணக்காகச் சிரித்தவர்தான். அங்கே நானே இறங்க ஆரம்பித்த பிறகு பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அவர் மகள் என்று கண்டக்டருக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை, நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரோபோல் இறங்கிப் போவேன்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உடல் பரிசோதனை உண்டு. போன முறை அப்பாவுக்குப் பிரஷர் எகிறியிருந்தது. மாத்திரை கொடுத்து மறுபடி வரச் சொன்னார்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கி, டிப்போவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு நாற்காலி என்றால் அது நகர வேண்டும்.

அம்மா தினமும் காலையில் தன் கையால் மாத்திரை கொடுத்தாள். மாத்திரை போனது, பிரஷர் இறங்கவில்லை. கடைசியில் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"உன்ன நெனச்சு நெனச்சுதான் மனுஷன் இப்படி ஆயிட்டாரு. குழந்தைங்க வார்டுக்கு மாத்திக் கேளு. இல்லாட்டி வேலைய விடு."

அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் ஸ்டியரிங்கை நான் பறித்தேன் என்று இருக்கக் கூடாதே. மாத இறுதிக்குள் மாற்றல் கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்குப் படுக்கையில் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வார்டு எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

தரையோடு இறுக்கிய மேசைகள், பாதிவரைக்கும் மட்டுமே திறக்கும் ஜன்னல்கள், எந்நேரமும் யாராவது ஒருவர் நடந்துகொண்டே இருக்கும் நடைவழி. அதில் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது என் பங்கு. சின்னக் கிண்ணத்தில் மாத்திரை, காகிதக் குவளையில் தண்ணீர். விழுங்கியதும், "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க." அது மட்டும் போதாது. உடனே, தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத ஏதாவது ஒன்றைக் கேட்கவேண்டும். கன்னத்து மூலையில் மாத்திரையை ஒதுக்கியவர் எப்பேர்ப்பட்ட வாயாடியாக இருந்தாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எங்கள் வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார். பொக்கை வாய், ஆனால் ஊர் உலகமெல்லாம் பேசுவார். ஒரு நாள் "ம்" என்றார். கையும் களவுமாகப் பிடித்தேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளும் பிடித்தேன். அதற்கடுத்த நாள் மாத்திரையை அவரே உள்ளங்கையில் துப்பிக் காட்டினார்.

"தெனமும் பிடிச்சிடுறீங்க சிஸ்டர், கெட்டிக்காரிதான். ஆனா முழுங்கினா என்ன ஆகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. திருடனைப் பிடிக்கிற போலீஸ் மாதிரி இருந்திருக்கிறேன். இப்போது கேட்டேன். அவர் கையை நீட்டினார். விரல்கள் தாமாக நடுங்கின. இந்தக் கையோடு வெளியே போனால் ஊசியில் நூல் கோக்க முடியுமா என்றார். டாக்டரிடம் சொன்னேன், மாத்திரையை மாற்றினார், நடுக்கம் மெல்ல அடங்கியது. அதன்பிறகு என் வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே தையல்காரர் வாயைப் பிளந்து நாக்கைத் தூக்கிவிடுவார். முதலில் மாத்திரையைப் போடுங்கள் ஐயா என்று நான்தான் கெஞ்ச வேண்டும்.

மாற்றலுக்கு ஒப்புக்கொண்ட அந்த வாரத்தில் ஒரு காலை. அம்மா மாத்திரையை நீட்டினாள், அப்பா தலையை நிமிர்த்தித் தண்ணீரைக் குடித்தார். நான் ஷூவை மாட்டிக்கொண்டே, இந்தப் புது வண்டி ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வண்டியைப் பற்றிக் கேட்டால் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

"ம்" என்றார் அப்பா.

என் கை ஷூவிலேயே நின்றுவிட்டது. அவர் எழுந்து பின்பக்கம் போனார், பின்னாலேயே போனேன். ரோஜாத் தொட்டியில் குனிந்து துப்பிவிட்டு, விரலால் மண்ணைத் தள்ளி மூடினார். அந்தச் செடிக்கு மட்டும் பிரஷர் இருந்திருந்தால் என்றைக்கோ குணமாகியிருக்கும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மாவைக் கூப்பிட்டிருந்தால் அந்த இடத்திலேயே தீர்ப்பு மாறியிருக்கும். ஆனால் நிமிர்ந்து பார்த்த அப்பாவின் முகம் தையல்காரர் முகம் மாதிரியே இருந்தது. வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

"முழுங்கினா என்னப்பா ஆகுது?"

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"அடிக்கடி ஒதுங்கணும்மா. அடக்கவே முடியல. வண்டி நிறைய ஜனத்த வெச்சிக்கிட்டு நான் எங்க போய் ஒதுங்கறது? ஒரு நாள் சீட்டுலயே... உங்கம்மாகிட்ட கூடச் சொல்லல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை பெரிய உடம்பு, அதற்குள் இத்தனை சின்ன வெட்கம். ஆனாலும் விடவில்லை.

"அப்ப அம்மா என் வேலையாலதான்னு சொன்னப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"அது கொஞ்சம் வசதியா இருந்துச்சு" என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

அன்று மாலையே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அளவைக் குறைத்து, வேறொரு மாத்திரையும் சேர்த்து, விடியும் முன்பே போடச் சொன்னார். இனி காலையில் ஒரே ஒரு தடவைதான் நெருக்கும் என்றார். மறுநாளிலிருந்து அப்பாவுக்கும் வார்டு வழக்கம்தான்: விழுங்கியதும் வாயைத் திறந்து என்னிடம் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அம்மாவிடம் அப்பாவே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷனோடு அவள் இரண்டு நாள் பேசவில்லை, அந்த ரோஜாவுக்கும் தண்ணீர் விடவில்லை. என்னிடம் மட்டும், "நீ பாட்டுக்கு அங்கயே வேலையப் பாரு" என்றாள். அப்பாவிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. மறு பரிசோதனையில் அவர் தேறியதும் ஸ்டியரிங் தப்பியதும் பிறகு. அதற்கு முன்னால் ஒரு காலை இருக்கிறது.

வழக்கம்போல் நிறுத்தம் வந்தது. "புத்தி தெளியணும்கிறவங்க எல்லாம் இறங்கிக்கோங்க" என்று கண்டக்டர் தொடங்கினார். நான் இறங்கினேன். பின்னாலேயே எஞ்சின் அணைந்தது. அப்பா தன் கதவைத் திறந்து குதித்து, எங்கள் ஆஸ்பத்திரி வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். டாக்டர் சொன்ன அந்த ஒரு தடவை, சரியாக அங்கே வந்து நின்றிருக்கிறது.

வாசல் காவலாளி மறித்தார். இது பார்க்க வருகிறவர்களுக்கான நேரம் இல்லை, யாரைப் பார்க்க வேண்டும், என்ன வேண்டும் என்று நிதானமாக விசாரித்தார். அப்பா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். வண்டியின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

"என் பொண்ணு இங்க நர்ஸு" என்றார் அப்பா, என்னைக் கைகாட்டி, தெருவுக்கே கேட்கும்படி. காவலாளி வழிவிட்டார்.

அவசரத்தில் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது அவசரம் எதுவும் இல்லை. நேராகப் படியில் நின்ற கண்டக்டரிடம் போனார்.

"என் பொண்ணுப்பா. தெனமும் நம்ம வண்டியிலதான் வருது."

கண்டக்டர் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்போடு தொப்பியை எடுத்தார். அப்பா ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். கிளப்பியவர் நகரவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வண்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாயை அகலத் திறந்து எனக்கு நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் சரி என்று தலையாட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.