பேப்பர் தட்டுக்கு அடியில் ஒரு தட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சியில், ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே. ஜூலை மாதம். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். சுவரைத் தாண்டி ஒரு பேப்பர் தட்டு பறந்துவந்து என் மார்பில் ஒட்டியது. தேங்காய்ச் சட்னி. உள்ளே பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அது யார் என்று நின்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை ஊறவைத்துவிட்டு, அந்த ஒருவருக்குக் கைலாசம் என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'தென்காசிச் சீமையில் காற்று என்பது வெறும் காற்றல்ல, அது—'

வேண்டாம். காற்று காற்றுதான்.

இரண்டாவது: 'குழல்வாய்மொழியின் விரல்கள் வெடித்திருந்தன.'

இதிலிருந்து போகலாம். குழல்வாய்மொழி கைலாசத்தின் மனைவி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கெல்லாம் புண். இரண்டு மாதம் சோப்புத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைலாசம் தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். களிம்பை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

[கையுறை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட்டாள். உள்ளே வியர்த்துப் புண் பெரிதானது. வேலைக்கு ஆள்? சாரல் மாதத்தில் கிடைக்காது. எல்லோரும் குற்றாலத்து லாட்ஜுகளில் இருப்பார்கள்.]

அந்த நேரத்தில்தான் கைலாசத்தின் அக்கா லோகநாயகி வருகிறாள். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சாரலுக்கும் பிறந்த வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் அருவியில் குளித்துவிட்டுப் போகிறவள். கூடவே அத்தான், மகன் விஜயசங்கர், மருமகள், பேத்தி. வீட்டிலிருக்கும் இருவரையும் சேர்த்து ஏழு பேர். மூன்று வேளை.

"மதினி வரட்டும். சமைச்சுப் போடுதேன். ஆனா ஒரு தட்டுகூட நான் கழுவ மாட்டேன். அதுக்கு என்ன வழின்னு நீங்க பாருங்க," என்றாள் குழல்வாய்மொழி.

இந்த வருடம் வராதே என்று சொன்னால், அக்கா பிறகு எந்த வருடமும் வரமாட்டாள். கைலாசத்துக்கு அது தெரியும். ஆக, இந்தக் கதைக்கு இரண்டே தேவைகள்: மனைவியின் கை ஆற வேண்டும், அக்கா வந்துபோக வேண்டும்.

வழி உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். கைலாசத்துக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு பிரதி எழுதும்வரை எனக்கும் தெரியவில்லை.

3

அவன் கடைக்குப் போய் இரண்டு கட்டுப் பேப்பர் தட்டு வாங்கினான். கடைக்காரர் பாக்குமட்டைத் தட்டையும் எடுத்துக் காட்டினார். கனமாக இருந்தது. விலையும் கூட. அதை வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை.

4

அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுக்குப் பசி. பின்வாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்த யாருக்கும் மனமில்லை. அந்தக் காற்றுக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

இட்லி வைத்ததும் தட்டு நின்றது. பாதி இட்லி தின்றதும் எழும்பியது. விஜயசங்கரின் தட்டு சட்னியோடு சுவரைத் தாண்டிப் போனது.

"மாப்ள, சாப்பிட ஒரு கை, தட்டைப் பிடிக்க ஒரு கை. தண்ணி குடிக்கதுக்கு வாடகைக்குக் கை எடுக்கணுமோ?" என்றார் அத்தான்.

பலரும் சிரித்தார்கள். கைலாசம் ஓடிப்போய் எவர்சில்வர் தட்டுகளை எடுத்துவந்து, ஒவ்வொரு பேப்பர் தட்டுக்கும் அடியில் ஒன்றை வைத்தான். பேப்பர் பறந்துபோன விஜயசங்கருக்கு வெறும் எவர்சில்வர். அதன்பிறகு எதுவும் பறக்கவில்லை. சாம்பார் மட்டும் பேப்பரில் ஊறி அடித்தட்டில் இறங்கியது.

லோகநாயகி சாப்பிடவில்லை. தன் இரட்டைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரான் வீட்டுப் பந்தியிலகூட இலை போடுவாவ. பெறந்த வீட்டுல எனக்குப் பேப்பரா, லே?"

"இல்லக்கா, குழலுக்குக் கை..."

"கை சரியில்லன்னா சொல்ல வேண்டியதுதான. நான் வராம இருந்திருப்பேன்லா."

கைலாசம் பயந்த வாக்கியம் அதுதான்.

"மதினி, இட்லி ஆறுது," என்றாள் குழல்வாய்மொழி. 

சாப்பிட்டு முடித்தபோது குப்பைக்கூடையில் ஆறு பேப்பர் தட்டுகள் கிடந்தன. [ஏழாவது என்னிடம் வந்துவிட்டது.] தொட்டியில் ஏழு எவர்சில்வர் தட்டுகள்.

5

முடிவு ஒன்று: லோகநாயகி மறுநாளே பெட்டியைக் கட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: லோகநாயகி முந்தானையைச் செருகிக்கொண்டு தானே கழுவப் போகிறாள். குழல்வாய்மொழியின் கண் கலங்குகிறது. இருவரும்—

கிழித்துவிட்டேன். ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்கு வேலை மாறினால் அது முடிவல்ல.

முடிவு மூன்று: 'கைலாசம் தட்டுகளைக் கழுவினான்.'

மூன்று சொல். சுருக்கமாக எழுதுவது எனக்குப் பழக்கம். இந்த இடத்தில் அது ஏமாற்று. ஏழு தட்டு, ஏழு டம்ளர், இட்லிக் கொப்பரை, துணி ஒட்டிய இட்லித் தட்டுகள், சாம்பார்ச் சட்டி. மூன்று சொல்லில் யாரும் அதைக் கழுவிவிட முடியாது.

6

தொட்டி தாழ்வாக இருந்தது. சமையலறையைப் புதுப்பித்தபோது கொத்தனார் குழல்வாய்மொழியை நிற்கவைத்து அளவெடுத்தார். கைலாசத்தை யாரும் அளக்கவில்லை. மூன்றாவது டம்ளரிலேயே அவனுக்கு இடுப்பு பிடித்தது. சட்டை நனைந்தது. இட்லித் தட்டின் குழிகளில் காய்ந்த மாவு நகத்துக்கும் வரவில்லை.

[அவனுக்கு நகம் வலிப்பதாக எழுதியிருந்தேன். நகம் வலிக்காது. நகக்கண்தான் எரியும். எழுந்துபோய்க் கழுவிப் பார்த்துவிட்டுத் திருத்தினேன்.]

லோகநாயகி உள்ளே வந்தாள்.

"தள்ளுலே. நான் தேய்க்கேன்."

"நீ விருந்தாளிக்கா."

"விருந்தாளிக்கா பேப்பர்ல போட்ட?"

கைலாசம் குனிந்தபடியே தேய்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குழல்வாய்மொழி, அவன் கவிழ்த்த முதல் தட்டை எடுத்து, அடிப்பக்கம் ஒரு விரலை ஓட்டினாள். தட்டை மறுபடி தொட்டியில் போட்டாள்.

"பின்னாடி தேய்க்கல."

லோகநாயகி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "என்ன சிரிப்புச் சத்தம்?" என்று எட்டிப் பார்த்த அத்தானின் தோளில் ஒரு துண்டைப் போட்டாள்.

"நீங்க தொடைங்க. சும்மா நின்னு பேசாதீங்க."

அத்தான் துடைத்தார். மோசமாகத்தான் துடைத்தார். நாற்பது நிமிடம் ஆனது. மதியச் சாப்பாடு எவர்சில்வர் தட்டில். அடுத்த ஐந்து நாளும் அப்படியே. கழுவியது ஆண்கள்தான். ஒருநாள் விஜயசங்கர் அதிலிருந்து நழுவப் பார்த்தான். அவன் மனைவி விடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதாக நான் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் நசுங்கின. குழல்வாய்மொழியின் கை கொஞ்சம் ஆறியது.

7

அவர்கள் போனபிறகு கைலாசம் பின்பக்கம் வந்தான். கொடியில் அக்காவின் பழைய நைலான் சேலை கிடந்தது. அருவிக்கென்றே அவள் வைத்திருப்பது. இருபத்தாறு வருடத்தில் எதையும் விட்டுவிட்டுப் போகாதவள்.

"மறந்துட்டாளோ? பார்சல்ல அனுப்பட்டா?"

"கிடக்கட்டும்," என்றாள் குழல்வாய்மொழி.

மறந்தாளா, விட்டுப்போனாளா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. அடுத்த சாரலையும் எழுதப்போவதில்லை. பிரிக்காத ஒரு கட்டுப் பேப்பர் தட்டு இன்னும் பரணில் இருக்கிறது. அதை எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு. நான் பார்த்தது இவ்வளவுதான்: காற்று அடித்தது, சேலை எழும்பியது. குழல்வாய்மொழி எட்டி இன்னொரு கிளிப்பை மாட்டினாள்.