மறுசரிபார்ப்பு முடியும்வரை

"எழுநூத்தி ஆறு. பதினாலு," என்று நஜ்லா வாசித்தாள். எதிரில் ஸவ்ஸன் எழுதினாள். பக்கத்தில் ஹில்மி தாளில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே "ம்" என்றார்.

"எழுநூத்தி ஏழு. ஒம்போது."

"ம்."

குரலில் இரக்கமோ சந்தோஷமோ காட்டாமல் வாசிக்கவேண்டும், அதுதான் பரீட்சை மதிப்பெண்களைப் பதிகிற கன்ட்ரோல் அறையின் முதல் விதி. தாளில் பெயர் இருக்காது, ரகசிய எண்தான். யாருடைய பிள்ளை தேறினான், யாருடைய பிள்ளை விழுந்தான் என்று வாசிக்கிறவளுக்கே தெரியாது. ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். கதவுக்கு உள்பூட்டு, சாவி தலைவர் டாக்டர் முராத்தின் சட்டைப்பையில். எல்லோருடைய கைபேசிகளும் அவர் மேசையடியில் ஒரு கூடைக்குள். காப்பி போடும் பாசித் வந்து தட்டினால் மட்டும்தான் கதவு திறக்கும். ஒழுக்கத்தைப் பற்றி வருஷம் முழுக்கப் பாடம் எடுக்கிற கல்லூரி, மதிப்பெண் போடும் நேரம் வந்தால் தன் ஆட்களையே திருடர்கள் மாதிரி அடைத்துவைக்கும். இதில் கூத்து என்னவென்றால், அடைபடுகிறவர்களுக்கு அது பெருமை. கன்ட்ரோலுக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் நம்பிக்கையான ஆள் என்று அர்த்தம். நஜ்லாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

காலையில் அவள் கிளம்பும்போது அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தபால் ஆபீஸில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்த மனிதர். பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"போம்மா," என்றார், ஒவ்வொரு சொல்லாக. "ஊரார் புள்ளைங்க காத்துட்டிருக்குதுங்க."

"சாயங்காலம் வந்துடறேம்ப்பா. வந்து கால் பிடிச்சு விடறேன்."

கல்லூரிக்கு வந்ததும் அவள் நேரே டாக்டர் முராத்திடம் போனாள்.

"டாக்டர், அப்பாவுக்கு ரொம்ப முடியல. இன்னைக்கு ஒருநாள் மட்டும் என்னை விட்டுடுங்க."

"நீயே இப்படிச் சொன்னா எப்படி நஜ்லா? இன்னைக்கு ரிசல்ட்டுன்னு டீன் வாய விட்டுட்டாரு. வாசிக்கிற ஆளை நடுவுல மாத்தினா மறுசரிபார்ப்பு முதல்லேருந்து ஆரம்பிக்கணும், உனக்குத் தெரியாததா?" அவர் நெஞ்சில் கையை வைத்தார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லி வை. எதாவதுன்னா கேட்ல வந்து சொல்லட்டும். என் கார்லயே உன்னை அனுப்பறேன். நான் பொறுப்பு."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் விஸாம் என்கிற பெண், குழந்தைக்குக் காய்ச்சல் என்று கன்ட்ரோலிலிருந்து பாதியில் எழுந்து போனாள். அந்த வருஷம் ஏதோ ஒரு மதிப்பெண் வெளியே கசிந்தது. யாரும் விசாரிக்கவில்லை, யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எல்லோர் விரலும் விஸாம் பக்கம் நீண்டது. இப்போது அவள் பின்கட்டு ஸ்டோரில் உடைந்த நாற்காலிகளுக்குக் காவல். நஜ்லா அண்ணன் ரிஃபாத்திடம் பேசிவிட்டு, கைபேசியைக் கூடையில் போட்டாள்.

முதல் காப்பி ஒன்பது மணிக்கு வந்தது. நஜ்லாவுக்கு எப்போதும் சர்க்கரை தூக்கல். பாசித் அவளுக்குப் போடும்போது மட்டும் கரண்டியைக் குவித்தே போடுவான். ஸவ்ஸன் உடம்பைக் குறைக்கிறேன் என்று சர்க்கரையை விட்டிருந்தாள். அந்த ஊரில் சாவு வீட்டில்தான் சர்க்கரையில்லாத காப்பி கொடுப்பார்கள். சும்மா விடுவாரா ஹில்மி?

"சாவு வீட்டுக் காப்பிய எதுக்கும்மா காலங்காத்தால குடிக்கறே? யாரு போயிட்டாங்க?"

"என் இடுப்புதான் போயிடுச்சு, ஹில்மி அண்ணே. அதுக்குத்தான் துக்கம் காக்கறேன்."

நஜ்லாகூடச் சிரித்தாள்.

பத்து மணி வாக்கில் மறுபடி தட்டினார்கள். காப்பி நேரமில்லை. டாக்டர் முராத் கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே போனார். திரும்பி வந்தவர் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஹில்மியின் காதில் ஏதோ சொன்னார். ஹில்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"தொடருங்க," என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அவர் நல்ல மனிதராகிவிட்டார். மின்விசிறியைத் தூக்கி வந்து நஜ்லா பக்கம் திருப்பி வைத்தார். "களைப்பா இருந்தா சொல்லும்மா, கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசி," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை. காலையில் லீவு கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை போல என்று அவள் நினைத்தாள். பாழாய்ப்போன மனசு, அதற்காகக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டது.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. கொண்டுவந்திருந்த ரொட்டியை அவரவர் இடத்திலேயே தின்றார்கள். நஜ்லா வாசித்தாள். அண்ணன் வரவில்லை, அப்படியானால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் இதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பாசித் இரண்டாம் தடவை காப்பி கொண்டுவந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் கோப்பைகளை வைத்தான். நஜ்லா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு மிடறு குடித்தாள். கசந்தது.

"பாசித் அண்ணே, கப்பை மாத்தி வச்சுட்டீங்க. இது ஸவ்ஸனோடது."

ஸவ்ஸன் தன்னுடையதைக் குடித்துப் பார்த்தாள். "இல்லையே. என்னோடதும் சர்க்கரை இல்லாமத்தான் இருக்கு."

நஜ்லா நிமிர்ந்தாள். பாசித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். வாய் கோணிக்கொண்டு வந்தது அவனுக்கு. மூச்சு விடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவனும் வாயை இறுகக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான். அடுப்பெதிரே நின்றபோது அவள் அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்த கைதான் சர்க்கரை டப்பா பக்கம் போகவே இல்லை.

"தெரியாம... கை தவறிடுச்சும்மா," என்றான்.

ஹில்மி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அத்தனை கிண்டல் செய்தவர் இப்போது ஒரு சொல் சொல்லவில்லை. நஜ்லா கோப்பையைக் கீழே வைத்தாள். டாக்டரிடம் கேட்கவில்லை, பாசித்திடம்தான் கேட்டாள்.

"எப்போ?"

"காலையிலம்மா. உங்க அண்ணன் கேட்ல வந்து சொல்லிட்டுப் போனாரு. பத்து மணிக்கு."

பத்து மணி. அதற்குப் பிறகு எத்தனை தாள் வாசித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் நிதானமாக, பிசகில்லாமல் வாசித்திருக்கிறாள்.

"அல்லாஹ் உனக்குப் பொறுமையத் தரட்டும் நஜ்லா," டாக்டர் முராத் எழுந்து வந்தார். "என்னைத் தப்பா நினைக்காதே. இன்னும் நாலே நாலு தாள்தான். முடிச்ச கையோட நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். போனவரு போயிட்டாரு, நீ இப்ப ஓடினா எழுந்து உட்காரப் போறாரா? அத்தனை புள்ளைங்களோட ரிசல்ட்டு..."

"முகத்தைப் பார்க்கணும் டாக்டர். கதவைத் திறங்க."

"பாதியில வெளிய போனா என்னாகும்னு உனக்கே தெரியும். நாளைக்கு யாராவது எதாவது சொன்னா நான் காப்பாத்த முடியாது."

"திறங்க."

அவர் அசையவில்லை. ஸவ்ஸன் பேனாவை மூடினாள். மூடி, நஜ்லாவின் தாள்மேல் வைத்தாள். "நான் இனிமே எழுதப்போறதில்ல டாக்டர். நீங்களே வாசிச்சு நீங்களே எழுதிக்குங்க," என்றாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். அவர் காரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வாசலில் ஒரு ஆட்டோ கிடைத்தது. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கெய்ரோ போகிற வண்டி, பெட்டி பெட்டியாக, சாவகாசமாகப் போனது. அது கடந்து முடிப்பதற்குள் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு எழுந்தது. நஜ்லா ஆட்டோக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

சந்துக்குள் துக்கத்துக்கு வரும் ஆண்களுக்காக வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் செருப்புகள். கூடத்தில் கறுப்பு உடுத்திய பெண்கள் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள் அம்மா.

"எடுத்துட்டாங்களா?"

"அஸருக்குப் பள்ளிவாசலுக்கு எடுத்துட்டுப் போனாங்க. தொழுக முடிஞ்சு நேரா கபுர்ஸ்தான்." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "லுஹருக்கே எடுத்திருப்பாங்கடி. உங்க அத்தைங்க எல்லாம் ஒரே சத்தம், மையித்தை இந்த வெயில்ல வச்சுக்கலாமான்னு. நான்தான் விடல. பொண்ணு கிளம்பிட்டா, வழியில வந்துட்டிருக்கான்னு உங்க காலேஜ்ல சொல்லி அனுப்பிச்சாங்களாம், ரிஃபாத் வந்து சொன்னான். கஃபன் துணியெல்லாம் கட்டியாச்சு, தலைமாட்டு முடிச்சு மட்டும் போடவேணாம், அவ வந்து பார்க்கட்டும்னு முகத்தைத் திறந்தே வச்சிருந்தேன். கட்டிலடியில ஐஸ் வாங்கி வச்சோம். கரையக் கரைய உங்க அண்ணன் போய் வாங்கிட்டு வந்தான்."

நஜ்லாவின் கண் உள்ளறைப் பக்கம் போனது.

"அஸர் பாங்கு சொன்னதும் ரிஃபாத் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லட்டும்? கட்டுன்னுட்டேன்." அம்மா அவள் முகத்தைத் திருப்பினாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "காலையிலேருந்து வழியில என்னடி பண்ணே?"

கூடமே அவள் பதிலுக்குக் காத்திருந்தது. ஐந்து மணிநேரம் அவளுக்காகத் திறந்துகிடந்த முகம் இப்போது மண்ணுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பூட்டிய கதவைச் சொன்னால், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வாசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவேண்டும். இன்றைக்கு அம்மாவுக்கு அது வேண்டாம்.

"ரயில்வே கேட் சாத்தியிருந்தாங்கம்மா," என்றாள்.

அம்மா தலையாட்டினாள். "அந்தக் கேட் எப்பவுமே அப்படித்தான்," என்றாள்.

நஜ்லா எழுந்து உள்ளறைக்குப் போனாள். மெத்தையைச் சுருட்டி வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். கற்பூர வாசம். கட்டிலடியில் வைத்திருந்த அலுமினியத் தொட்டி நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண் துடைப்பதற்குத் துணியோடு வந்தாள்.

"நான் பார்த்துக்கறேன் அக்கா," என்று நஜ்லா துணியை வாங்கிக்கொண்டாள்.

துடைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். தொட்டியில் உள்ளங்கையளவு ஐஸ் துண்டு ஒன்று இன்னும் மிதந்துகொண்டிருந்தது.