பெட்டிக்கு இரண்டு சாவி

மூட்டை தூக்கிய முதுகுவலி அண்ணனை ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை, குனிந்தால் விண்ணென்று தெறித்தது. அதைவிட அதிகமாகக் குடைந்தது, கூடப் பிறந்த தம்பி சபைக்குப் பொருளாளர் ஆனது. பல வருஷம் அந்தப் பொறுப்பைப் பார்த்த அண்ணனிடம் இப்போது மிஞ்சியது காணிக்கைப் பெட்டியின் இரண்டாவது பூட்டுக்கான சாவிதான்.

ஆராதனை முடிந்ததும் அந்தச் சாவியையும் தம்பி கையில் திணித்தான்.

"முதுகு வலிடா. நீயே திறந்து எண்ணிக்கோ."

வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தம்பி தனியாகப் பணம் எண்ணுவதைக் கையும் களவுமாகக் காட்டப் போதகரை இழுத்துக்கொண்டு வந்தான்.

பெட்டி பூட்டியபடியே இருந்தது. தம்பி அதன் பக்கத்தில் காய்ந்த வாயோடு உட்கார்ந்திருந்தான்.

"வாண்ணே. ஒத்த ஆளா திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே? பசி உயிர் போகுது, உட்காரு."

போதகர் சிரித்தார். "உன்னையே மிஞ்சிட்டான்யா!"

இருவரும் பெட்டியைத் திறந்தார்கள். அண்ணன் எண்ணினான். கணக்கு சரியாக இருந்தது.

"அண்ணே, நான் பொருளாளர் ஆன அன்னைக்கு, சபைக் கூரைக்கு நான் ஆயிரம்னதும் நீ எழுந்து ரெண்டாயிரம்னியே. எப்ப தர்றே?"

"தர்றேன்டா, ஓடியா போயிடுவேன்?"

தம்பி தன் ஆயிரத்தைச் சொன்ன அன்றே கட்டிவிட்டான். அண்ணனின் இரண்டாயிரம் இன்னும் பாக்கி.