தும்மலில் விழுந்த கல்

ஓடை மணலிலிருந்து சிர்க்கான் என்ற மணிக்கல்லைப் பொறுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தற்பெருமை என்றால் அப்படியே இருக்கட்டும். உப்புத் தூளைவிடச் சின்னக் கல்லை நுண்ணோக்கியில் பார்த்து, ஊசிமுனையால் எடுத்து, ஒட்டுத்தாளில் வரிசையாக வைப்பேன். ஒவ்வொன்றும் பளிச்சென்று மின்னும்.

அவற்றின் வயதை லேசர் மிஷின் சொல்லும். அந்த ஓடை இறங்கி வரும் மலையில் எங்கோ முந்நூறு கோடி வருடத்துக்கும் மேல் பழைய பாறை இருக்கிறது, ஓடை அதை அரித்து மணலோடு கொண்டுவந்திருக்கும் என்று எங்கள் ஆய்வகத் தலைவி ஆறு வருடமாகச் சொல்லி வருகிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருடமும் வந்தது வெறும் ஐம்பத்தைந்து கோடிதான். இன்றும் பழையது வராவிட்டால் அந்த மலையையே விட்டுவிடுவதாக அக்கா காலையில் சொல்லிவிட்டார்.

இன்று ஒட்டிவைத்த அறுபது கல்லும் மிஷினில் முடிந்தன. எல்லாம் ஐம்பத்தைந்து. அக்கா பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஓரத்துல ஒண்ணு பாக்கி இருக்கே," என்றார் மிஷின்காரர்.

"அத விடுங்கண்ணே. ஒட்டும்போது தும்மிட்டேன், ஒதுக்கி வச்சதுல ஒண்ணு பறந்து வந்து விழுந்துருச்சு. பாக்கவே சகிக்கல."

மங்கிப்போய், முனை மழுங்கி, கருத்த கல். என் வரிசையில் அது இருப்பதே எனக்கு அவமானம்.

"அழகிப் போட்டியா நடத்துறோம்? அதையும் சுட்டுப் பாத்துருவோம்," என்று லேசரை ஏவினார்.

திரையில் எண் வந்தது. மிஷின்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே கல்லில் இன்னோர் இடத்திலும் சுட்டார். அதே எண். முந்நூற்று நாற்பது கோடி.

"அடியேய்!"

அக்கா கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நானும் குதித்தேன். சட்டென்று நின்று, "இந்த மாதிரி அசிங்கமான கல்லு இன்னும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நூத்துக்கணக்குல இருந்துச்சுக்கா. ஆறு வருஷமா நான்தான் ஒதுக்கி ஒதுக்கி வச்சேன். அழகா இல்லையேன்னு..."

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "மலை ஏமாத்துதுன்னு நெனச்சேன். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு நீ ஏமாத்தியிருக்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கோ சிரிப்பு. சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலும் தண்ணீர்.

"ஒதுக்குனதெல்லாம் எங்க?"

"குப்பியிலக்கா. ஒண்ணுகூடத் தூக்கிப் போடல."

அக்கா பையைக் கழற்றி மேசையில் போட்டார். ஸ்டூலை இழுத்து என் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"எடு ஊசிய. அழகா ஒரே ஒரு கல்லு எடுத்தேன்னு வையி, கைய ஒடிச்சிருவேன்."