ஏரியல் குழி

சுப்புத்தாய் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி, பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னாலிருந்த குழியில் தண்ணீரைச் சாய்த்தாள். கரியும் உப்பும் போட்டு மூடிய மண் அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. கூரைமேல் கட்டிய ரேடியோ ஏரியலிலிருந்து ஒரு செம்புக் கம்பி இறங்கி அந்தக் குழிக்குள் புதைந்திருந்தது.

எரியோட்டுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊருக்கு ரேடியோ வைக்க வந்த திண்டுக்கல் மெக்கானிக் ஞானதாஸ் அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மேகம் கூடுனா மேல இருக்க கம்பியில மின்சாரம் ஏறும்மா. அது பெட்டிக்குள்ள போகாம இது வழியா மண்ணுல இறங்கிரணும். ஈரம் இல்லேன்னா இறங்காது."

ஆபீசைக் கூட்டுவது, சாயந்திரம் ஊருக்கு ரேடியோ போடுவது, குழியை நனைப்பது எல்லாம் அவள் வேலை. புருஷன் காத்தமுத்து கிணறு வெட்டப்போன இடத்தில் இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

அந்தக் கோடையில் ஊர்க்கிணறு வற்றிவிட்டது. பெண்கள் உள்ளே இறங்கி, ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பினார்கள்.

"புள்ளைக வாய நனைக்கத் தண்ணியில்ல, நீ மண்ணுக்கு ஊத்துற" என்றாள் பக்கத்து வீட்டு ஜோதிமணி. பெண்கள் சேர்ந்து பஞ்சாயத்து பிரசிடெண்டு தண்டாயுதபாணியிடம் போய்ச் சொன்னார்கள். அவர் சுப்புத்தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இனிமே ஊத்தாத."

"பெட்டி கெட்டுப்போகும்னு மெக்கானிக்கு சொன்னாருய்யா."

"நான் சொல்றேன்ல."

சித்திரைக் கடைசியில் ஒரு சாயந்திரம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மழை விழவில்லை. புழுதிக்காற்றும் இடியும்தான். சுப்புத்தாய் ரேடியோவை அணைக்க எழுந்தாள். அதற்குள் பெட்டிக்குள் படாரென்று வெடித்துத் தீப்பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள் வெளியே ஓடினார்கள். அவள் சாக்கைப் போட்டு அமுக்கினாள். வலது உள்ளங்கை வெந்துபோனது.

ஞானதாஸ் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது. பின்பக்கம் போய்க் குழி மண்ணை அள்ளினார். அது பொடியாக உதிர்ந்தது.

"தண்ணி ஊத்தலயாம்மா?"

சுப்புத்தாய் பிரசிடெண்டைப் பார்த்தாள்.

"சொன்ன வேலையச் செய்யணும்ல" என்றார் அவர். "ரேடியோ குடுத்த யூனியன் ஆபீசுக்கு இப்ப நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்கதானய்யா..." என்றாள் சுப்புத்தாய். கூட்டத்தில் நின்ற ஜோதிமணி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஆடியில் வேறு ரேடியோ வந்தது. ஆபீசில் வைத்தால் மறுபடி கெட்டுப்போகும் என்று பிரசிடெண்டு அதைத் தன் தோட்டத்து வீட்டில் வைத்துக்கொண்டார். அவருடைய வெங்காயக் காட்டில் சுப்புத்தாய் கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வெந்த கை இன்னும் மடங்கவில்லை. இடது கையால் களைக்கொத்தைப் பிடித்திருந்தாள். வீட்டுப் பக்கமிருந்து ரேடியோ பேசத் தொடங்கியதும் மற்றப் பெண்கள் நிமிர்ந்து கேட்டார்கள். அவள் நிமிரவில்லை. பம்புசெட்டுத் தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் வழிந்து, அவள் கணுக்காலை நனைத்துக்கொண்டு ஓடியது.