சாம்பல் நிறக் காந்தம்

கிட்ட வாருங்கள், கண்மணிகளே. ஒரு கதை சொல்கிறேன். தலை உண்டு, உடம்பு உண்டு, வால் மட்டும் இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

1

உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: இதை நான் பல் மருத்துவர் வாசலில்தான் பொறுக்கினேன். பக்கத்து நாற்காலியில் வீங்கிய கன்னத்தோடு ஓர் அம்மாள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவர். அவர் வலியை மறக்கப் பேசினார். நான் வலியை மறந்து கேட்டேன்.

2

"வெயில் தண்ணீரைத் தொட்டபோது அவள் இதயம்..." சே, இதென்ன காதல் கடிதமா? [அடித்துவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். வெளிச்சம் பட்டால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் தூள்கள் உண்டு. அந்த வாயுவில் அடுப்பெரிக்கலாம், வண்டி ஓட்டலாம். ஆனால் தூள் சுறுசுறுப்பாக வேலை செய்ய ஒரு சிட்டிகை பிளாட்டினம் வேண்டும். அது தங்கத்தின் பங்காளி. எல்லார் வீட்டுக்கும் வராது. அம்மாளின் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆராய்ச்சிக்காரி அதற்குப் பதில் மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த கறுப்புச் சரக்கை எடுத்தாள். இயந்திரங்களுக்கு மசகாகப் போடுகிற மலிவுப் பொருள். அதை உரித்து உரித்து, மூன்றே அணு தடிமனுள்ள தகடுகளாக்கினாள். (வெங்காயம் உரித்தால் ஒரு நாள் கண்ணீர். இவளுக்கு இரண்டு வருஷம்.)

பக்கத்து மேசைக்காரர் பிளாட்டினத்தில் ஆராய்ச்சி செய்பவர். அவரை அவள் 'நகைக்கடை' என்பாள். அவளை அவர் 'கிரீஸ்' என்பார்.

3

திங்கட்கிழமை, அவள் ஆராய்ச்சியை எடைபோடும் குழு கூடும். வேலை தொடருமா, மேசையைக் காலி செய்ய வேண்டுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்கு முந்தைய வாரம்தான், அதுவரை தூங்கிய தூள் விழித்தது. கொத்துக் கொத்தாய்க் குமிழி. பிளாட்டினத்துக்குச் சமம்!

"என்ன நகைக்கடை, கடையைச் சாத்திடலாமா?"

"சாத்திடறேன் தாயே. என் காந்தத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடு."

காந்தம் என்பது மாத்திரை அளவில், வெள்ளை உறை போட்ட துண்டு. குடுவைக்குள் சுழன்று தண்ணீரைக் கலக்கும். தன்னுடையது தொலைந்துபோக, அந்த வாரம் அவரிடம் இரவல் வாங்கியிருந்தாள்.

[இவரை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். அம்மாள் விடவில்லை. "நல்ல மனுஷன்மா. குடிச்ச கப்பைத் தானே கழுவுவாரு."]

4

வெள்ளிக்கிழமை அந்தக் காந்தத்தைக் கழுவ எடுத்தார் அம்மாள்.

"ஏம்மா, இது வெள்ளையா சாம்பலா? எவ்வளவு தேச்சாலும் போகமாட்டேங்குது."

"பழசுக்கா, அப்படித்தான் இருக்கும்."

"மூணு வருஷமா அவரு குடுவையிலயே கிடந்ததாச்சே. அவரு சரக்கு ஒட்டியிருக்கும்."

அவள் கை அப்படியே நின்றது.

(குறிப்பு: உறையின் கீறல்களில் துளி பிளாட்டினம் ஒட்டியிருந்தாலே குமிழி வந்துவிடும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.)

"அக்கா, இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"காந்தம் அழுக்குன்னு யாராவது தண்டோரா போடுவாங்களா?"

ஆக, வேறு யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் அவளைப் பொய்க்காரியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். பேனா ஓடியது, அவள் கூட வரவில்லை. நேராகப் பக்கத்து மேசைக்குப் போனாள்.

"என் குடுவையில உங்க சரக்கு வேலை பார்த்திருக்கு போல."

அவர் காந்தத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சொல்லாம விட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதே, கிரீஸ்."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே."

எழுந்துபோய்ப் பிரிக்காத பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். "புதுசு. நீயே பிரி. என் கை படக் கூடாது."

5

புதுக் குடுவை, புதுக் காந்தம். விளக்கைப் போட்டாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்...

"அடுத்தது யாரு?" என்று நர்ஸ் கூப்பிட, அம்மாள் எழுந்து போய்விட்டார்!

திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. "குமிழி வந்ததா?" என்று கேட்டேன். ஐந்து விரலைக் குவித்தார், விரித்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

வந்தது என்றா? ஒன்றுமில்லை என்றா? 'கொஞ்சமாய் வந்தது' என்று முடித்துப் பார்த்தேன். 'வரவேயில்லை, மேசை போயிற்று' என்றும் முடித்துப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். எது வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பஞ்சு வைப்பதற்கு முன்பே அம்மாள் சொன்னது: விளக்கைப் போடும் முன்னாலேயே, பழைய காந்தத்தைக் காகிதத்தில் மடித்து, மேலே 'திங்கட்கிழமை குழுவுக்குக் காட்ட' என்று எழுதி வைத்துவிட்டாளாம்.

உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும், கண்மணிகளே. நாலே நாலு குமிழி வந்தாலும், அது உங்கள் குமிழியாகவே இருக்கட்டும்.