அடி பிடிக்கும் வாசனை

நாலு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தவள் என் நாத்தனார். நாலு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வயதுப் பெண்ணை என் வீட்டுக்காரர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பா தூங்கட்டும், பாப்பாவுக்கு ஃபேன் போடு, பாப்பா சாப்பிட்டாளா பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், நன்றாகவே எரியும்.

வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றை அவளுக்கு விட்டுவிட்டு, என் தையல் மெஷினைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். நான் கடைகளுக்குக் கர்ட்டன் தைத்துக் கொடுக்கிறவள். சமையலறைக்குக் கதவு கிடையாது. மெஷினில் உட்கார்ந்தால் அடுப்பு எனக்கு நாலடி தூரம்.

பாப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை. தற்காலிகம்தான். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நிரந்தர வேலைக்குக் குரல் தேர்வு. தேறினால் நிலையத்துக்குப் பின்னாலேயே குடியிருப்பு கொடுப்பார்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தேறாவிட்டால் இருக்கிற வேலையும் போய், இங்கேயேதான் கிடப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

சளி என்னிடமிருந்து தொற்றியதுதான். போன வாரம் நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவள் சூப் வைத்துக் கொடுத்தாள். நானா கேட்டேன்? அவளாகவே வைத்தாள். என் வீட்டுக்காரர் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, "இதுக்குப் பேரு சூப்!" என்றார். பன்னிரண்டு வருஷமாக நான் வைத்ததற்கெல்லாம் என்ன பேராம்? சளி என்னைவிட்டுப் போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை.

தேர்வுக்கு முந்தின அந்த மதியம் மூக்கு சிவந்து, கண் வீங்கி, சால்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, அந்த அடி கனமான பாத்திரம் எங்க இருக்கு?" தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது குரல்.

"அதுல மாவு இருக்கு," என்றேன். மாவும் இல்லை, மண்ணும் இல்லை. "அலுமினியப் பாத்திரம் இருக்கு பாரு, எடுத்துக்க."

"அது ரொம்ப மெல்லிசா இருக்கே அண்ணி. பார்லி அடி பிடிச்சுக்கும்."

"பக்கத்துல நின்னு கிண்டு. நாங்கல்லாம் அதுலதான் சமைக்கிறோம்."

அலுமினியப் பாத்திரத்தையே எடுத்து அடுப்பில் வைத்தாள். கோழித் துண்டுகளைக் கழுவிப் போட்டாள். கேரட், வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, ஒரு கைப்பிடி பார்லி. அவள் மிளகை இடித்தபோது எனக்கே தும்மல் வந்தது, அவளுக்கு வரவில்லை. உப்பைப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணுமே தெரியல அண்ணி. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. சும்மா வெந்நி மாதிரி இருக்கு."

"ம்," என்றேன்.

தீயைக் குறைத்து மூடியைப் போட்டாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அறிவிப்புத் தாளைப் படிக்க ஆரம்பித்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." இருமல். மறுபடியும் "பயணிகளின்..." இருமல். மெஷின் சத்தத்தையும் மீறி அந்தக் கரகரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் பூண்டும் மிளகுமாக வாசனை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நாக்கில் எச்சில் ஊறியது. மூன்றாவது கர்ட்டனுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தபோது வாசனை மாறியது. பார்லி அடியில் உட்கார்ந்துவிட்டது. அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் அந்த வாசனை தெரியும், தூக்கத்திலிருந்தால்கூட எழுந்து ஓடுவாள். இவளோ பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, "தடம் எண் பதினேழு, நடைமேடை நான்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன். 'பாப்பா, கிண்டு' என்றால் போதும். இரண்டே வார்த்தை. "இதுக்குப் பேரு சூப்!" என்று அவர் சொன்னது காதில் வந்து விழுந்தது. வாயை மூடிக்கொண்டு மெஷினை மிதித்தேன். அவள் தேறினால்தான் என் அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மிதித்தேன். புத்தி கெட்ட வேளை, வேறென்ன சொல்ல.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். "ஐயையோ, என்ன தீயுது? மாடிப்படி வரைக்கும் நாத்தம் அடிக்குது!"

பாப்பா துள்ளி எழுந்து மூடியைத் திறந்தாள். புகை கிளம்பியது. கரண்டியை விட்டுக் கிளறியதும் கறுப்புக் கறுப்பாகச் செதில்கள் மேலே வந்தன. அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், மாடிப்படிப் பக்கம் பார்த்தாள், பிறகு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுக்கு சளி விட்டு எத்தனை நாள் ஆச்சு?"

நான் குனிந்து நூலைப் பல்லால் கடித்தேன்.

"அவளுக்குத்தான் அஞ்சு நாள் ஆச்சே, இப்ப எதுக்கு அது?" என்றார் அவர். பாவம், ஒன்றும் விளங்கவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணா. படிச்சிட்டே இருந்தேன், கவனிக்கல." பாத்திரத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திட்டியிருக்கலாம். அண்ணனிடம் போட்டுக் கொடுத்திருக்கலாம். நானும் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசி, நாலு மாதத்துக் கணக்கையும் கொட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாள் மகராசி. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அவள் மேலேயே கோபம் வந்தது.

அவரைக் கடைக்கு விரட்டிக் கோழி வாங்கிவரச் சொன்னேன். அடி கனமான பாத்திரத்தை எடுத்து வைத்தேன். அதே கேரட், அதே பார்லி. கால் கடுக்க நின்று கிண்டினேன், ஒரு நிமிஷம் நகரவில்லை. ஆறரை மணிக்குக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"எழுந்து குடி. நாளைக்குக் குரல் வேணும்ல?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தை வாங்கி மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கிண்ணத்தை என் பக்கமே திருப்பி நீட்டினாள்.

"முதல்ல நீங்க குடிங்க அண்ணி."

"என்னது?"

"எனக்கு வாசனை தெரியாது, ருசி தெரியாது. இதுல நீங்க எதைக் கலந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. நீங்க குடிச்சா நான் குடிக்கிறேன்."

"என்னை என்னன்னு நினைச்சே நீ? விஷம் வைக்கிறவள்னா?"

"மதியம் வரைக்கும் நினைக்கல."

கிண்ணத்தைச் சுவரில் வீசியடிக்கலாமா என்று இருந்தது. கூடத்தில் அவர் இருந்தார். வாங்கி இரண்டு வாய் குடித்தேன். சூட்டில் நாக்கு வெந்துவிட்டது. நான் விழுங்குகிறேனா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கி, நான் வாய் வைத்த இடத்தைச் சால்வை நுனியால் துடைத்துவிட்டு, ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். தொண்டைக் கட்டு லேசாக விட்டிருந்தது.

"இருக்கு இருக்கு," என்றேன் அவசரமாக. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"கொண்டாங்க. அதையும் என் முன்னாடி குடிச்சிட்டுக் குடுங்க."